வில்லியனூர்ச் சுடுமண் கைவினையும் இணையவழிச் சந்தைப்படுத்தும் முறைகளின் தேர்வும்

ஆய்வுச்சுருக்கம்

சிறுதொழில் செய்வோர்க்கு இணையவழிச் சந்தைப்படுத்தல் குறித்து வழங்கப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் எல்லாத் தொழிலுக்கும் ஒரே தன்மையன. இணைய அங்காடியில் பொருளை ஏற்றுதல், சமூக ஊடகத்தில் பக்கம் தொடங்குதல், கட்டண விளம்பரம் செய்தல் என அவை அமைகின்றன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் வில்லியனூர் கொம்யூனில் நடைபெறும் சுடுமண் கைவினையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொருளின் எடையும் உடையும் தன்மையும், வரிச்சட்டத்தின் எல்லை வரையறையும், தேடலுக்குப் பயன்படும் சொல்லும் எவ்வாறு முறைத்தேர்வைத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வில்லியனூர், மூலக்குளம், சுடுமண் கைவினை, புவிசார் குறியீடு, இணைய அங்காடி, சரக்கு மற்றும் சேவை வரி, தேடுசொல்.

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் ரெட்டியார்பாளையத்தை அடுத்து மூலக்குளமும், அதனைக் கடந்து அரும்பார்த்தபுரமும், பின்னர் வில்லியனூரும் வருகின்றன. சில கிலோமீட்டர்த் தொலைவுக்குள் இரண்டு வேறுபட்ட வணிக உலகங்களை இச்சாலை கோக்கிறது. மூலக்குளத்தின் சாலையோரக் கடைகளுக்கு வாடிக்கையாளர் அருகில் வாழ்வோரும் வழிப்போக்கருமே. வில்லியனூரில் மண்ணை வனைந்து சூளையிலிடும் கைவினைஞர்க்கோ, உரிய விலை தரும் வாங்குநர் பெரும்பாலும் தொலைவில் இருக்கிறார். வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. அதே கலையில் ஈடுபட்டுள்ள புதுச்சேரிக் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. பெயரும் பெருமையும் இருந்தும் அவை விற்பனையாக மாறுவதற்கு எந்த வழி உகந்தது என்பது தனியே ஆராயப்பட வேண்டியதாகும்.

அறிவித்தலும் விற்றலும்

தமிழ் வணிக மரபில் பொருளை அறிவிக்கும் வழக்கம் புதியதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப் பலவாகப் பிரித்துக் காட்டுகிறது. கள் விற்கும் மனையின் கொடியும் அவற்றுள் ஒன்று. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் தனித்தனியே விவரிக்கிறது. இவ்விரு நூல்களிலும் கொடியும் கடையும் ஓரிடத்தில் நிற்கின்றன. கொடியைக் கண்டவர் சில அடி நடந்தால் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். இணையத்தில் இவ்விரண்டும் பிரிந்துவிட்டன. அறிவிப்பு ஓரிடத்திலும், பேரம் வேறோரிடத்திலும், பணம் மற்றொரு வழியிலும், பொருள் சாலையிலுமாக நான்கு இடங்களில் வணிகம் நிகழ்கிறது. இந்நான்கில் எது தடைப்பட்டாலும் விற்பனை நின்றுவிடும்.

இணையவழிச் சந்தைப்படுத்தல் பற்றிய பொது விளக்கங்கள் முதற்படியாகிய அறிவிப்பிலேயே தங்கிவிடுகின்றன. 1898-இல் எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸ் என்பாருடன் இணைத்துப் பேசப்படும் கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்னும் படிநிலையும், பிலிப் கோட்லரும் அவர்தம் இணையாசிரியர்களும் தம் நான்காம் தலைமுறைச் சந்தைப்படுத்தல் நூலில் முன்வைத்த ஐந்து படிகளும் வாங்குநரின் மனநிலையை முதன்மையாகக் கொண்டவை. உடையக்கூடிய பொருளை விற்பவர்க்கு மனநிலைக்குப் பின் நிகழ்வனவே பெருஞ்சிக்கல்.

மூலக்குளத்துக் கடைக்கு உரிய வழி

முதலில் எளிய நிலையைக் காணலாம். மூலக்குளத்தில் தையற்கடையோ, மின்மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையோ வைத்திருப்பவர்க்கு வாடிக்கையாளர் ஒருசில கிலோமீட்டருக்குள் இருக்கிறார். அவர்க்குத் தேவை கூகுள் வரைபடத்தில் சரியான இடம், திறக்கும் நேரம், தொலைபேசி எண், கடைமுகப்பின் படம், வாடிக்கையாளர் எழுதும் மதிப்புரை ஆகியவையே. இப்பதிவுக்குக் கட்டணமில்லை. கடையின் பெயரையும் ஊர்ப்பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தருதல் நன்று. இத்தகைய கடைக்கு இணைய அங்காடியோ தனி இணையதளமோ பெரும்பாலும் வீண்செலவு.

இம்முறையை அப்படியே வில்லியனூர்க் கைவினைஞர்க்குப் பரிந்துரைப்பது பொருந்தாது. வரைபடப் பதிவு, வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலுக்கோ லூர்து மாதா திருத்தலத்துக்கோ வரும் பயணியைப் பட்டறைக்கு அழைத்து வரலாம். அவ்வளவில் அது பயனுடையதே. முருங்கப்பாக்கத்துக் கைவினைக் கிராமத்துக்கு வரும் பயணிக்கும் இது பொருந்தும். ஆயினும் பெரிய ஐயனார் குதிரையை வாங்க விரும்பும் பெங்களூருவாசி அந்த வரைபடத்தைத் திறந்து பார்ப்பதற்கு முகாந்திரமில்லை.

பொருளின் எடையும் பெட்டியின் கொள்ளளவும்

சுடுமண் பொருளை அஞ்சலில் அனுப்புதல் துணியை அனுப்புதல் போன்றதன்று. கூரியர் நிறுவனங்கள் பல, உண்மையான எடையையும் பெட்டியின் கொள்ளளவு எடையையும் ஒப்பிட்டு, எது மிகுதியோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. மூன்று கிலோ எடையுள்ள ஒரு குதிரைப் பொம்மையை வைக்கோலும் காகிதமும் சுற்றி நாற்புறமும் இடைவெளி விட்டு வைப்பதற்கு 40 சென்டிமீட்டர்க் கனசதுரப் பெட்டி தேவைப்படுவதாகக் கொள்வோம். 40 × 40 × 40 என்பது 64,000. 5000-ஆல் வகுக்க 12.8 கிலோ. மூன்று கிலோப் பொருளுக்குப் பதின்மூன்று கிலோவின் கட்டணம் விதிக்கப்படும். பாதுகாப்பைக் கூட்டக் கூட்டக் கட்டணமும் கூடுகிறது. கட்டணத்தைக் குறைக்க இடைவெளியைச் சுருக்கினால் பொருள் உடைகிறது. கைவினைஞர் விலை நிர்ணயிக்கும்போது முதலில் கணக்கிட வேண்டியது இந்தப் பெட்டியைத்தான்.

இதனால் இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. முதலாவது, இணையத்தில் தனித்தனியாக விற்பதற்குச் சிறியனவும் ஒன்றனுள் ஒன்று அடங்குவனவுமாகிய பொருள்களே உகந்தவை. அகல்விளக்குத் தொகுதி, சிறிய சுவர்முகங்கள், கழுத்தணிகள் ஆகியன அவ்வகையின. பெரிய உருவங்கள் உணவகங்கள், தங்கும் விடுதிகள், கட்டட வடிவமைப்பாளர்கள் ஆகியோர்க்கு மொத்தமாகச் செல்வதே பொருத்தம். அவை லாரியில் வைக்கோற் படுகையில் செல்லும்போது ஒரு பொருளுக்கான செலவு குறைகிறது. ஆகவே அவற்றுக்கு வேண்டியது விலைப்பட்டியலிட்ட அங்காடியன்று. 1996-இல் தொடங்கப்பட்ட இந்தியாமார்ட் போன்ற, வணிகர்க்கு வணிகர் விசாரணை அனுப்பும் தளமும், அளவுகளைத் தெளிவாகக் காட்டும் ஒரு படத்தொகுப்பும் ஆகும்.

இரண்டாவது விளைவு திருப்பியனுப்புதல் பற்றியது. பெரிய இணைய அங்காடிகள் வாங்குநர்க்குத் திருப்பியனுப்பும் வசதியளித்துப் பழக்கிவிட்டன. துணிக்கு அது ஏற்புடையது. சுடுமண் பொருள் திரும்பி வரும்போது இரண்டாம் முறையும் சாலையில் குலுங்குகிறது. உடைந்து வந்தால் உடைத்தவர் யார் என்ற வழக்கு எழுகிறது. வனைதல், நிழலில் உலர்த்துதல், சூளையிடுதல் எனப் பல நாள் உழைப்பு ஒரு பெட்டிக்குள் சில்லுகளாகக் கிடப்பதற்கு எந்த அங்காடியின் இழப்பீட்டு விதியும் முழு ஈடாகாது.

வரிச்சட்டமும் எல்லைக்கோடும்

முறைத்தேர்வில் மிகுதியான செல்வாக்குடையதும், ஆயின் அறிவுரை நூல்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டமே. புதுச்சேரியின் புவியியல் இதனை மேலும் சிக்கலாக்குகிறது.

பொருள் விற்பவர் வரிப்பதிவு செய்ய வேண்டிய ஆண்டு விற்றுமுதல் எல்லை 2019 ஏப்ரல் முதல் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் 40 இலட்சம் ரூபாய். புதுச்சேரி அவ்வுயர்வுக்குள் வரவில்லை; இங்கு அவ்வெல்லை 20 இலட்சமே. கடலூர்க் கைவினைஞர்க்கும் வில்லியனூர்க் கைவினைஞர்க்கும் இடையில் தொடக்கத்திலேயே இவ்வேறுபாடு உள்ளது. சிறு பட்டறைகள் பலவும் 20 இலட்சத்துக்குக் கீழேயே இருக்கக்கூடும் என்பதால் இது மட்டும் பெரிதாகத் தோன்றாது. சிக்கல் அடுத்த விதியில் உள்ளது.

இணைய அங்காடி வழியாகப் பொருள் விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு சிறிதாயினும், வரிப்பதிவு செய்தாக வேண்டும் என்பது தொடக்க விதி. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து இதில் ஒரு தளர்வு அளிக்கப்பட்டது. எல்லைக்குக் கீழ் விற்றுமுதல் உடையவர், நிரந்தரக் கணக்கு எண்ணைக் கொண்டு வரித்தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்று, பதிவின்றியே அங்காடியில் விற்கலாம். ஆயினும் அவர் மாநிலத்துக்கு வெளியே பொருள் வழங்கக்கூடாது. ஒரு மாநிலத்திலோ ஒன்றியப் பகுதியிலோ மட்டும் விற்க வேண்டும். சிறு வணிகர்க்குக் கிடைத்த பெருஞ்சலுகையாக இது போற்றப்பட்டது. தமிழ்நாடு போன்ற பரந்த மாநிலத்தில் அது சலுகையே. மதுரையிலிருந்து சென்னைக்கு விற்பவர்க்கு அச்சந்தை போதுமானது.

வில்லியனூரிலிருந்து நோக்கினால் நிலைமை தலைகீழாகிறது. புதுச்சேரிப் பகுதியே தமிழ்நாட்டு நிலத்துக்கிடையே துண்டுதுண்டாகக் கிடக்கிறது. பாகூரைக் கடந்தால் கடலூர் மாவட்டம். மேற்கே சென்றால் விழுப்புரம் மாவட்டம். கைவினைப் பொருள்களை விரும்பி வாங்குவோர் கூடும் ஆரோவில்லின் பெரும்பகுதியும் விழுப்புரம் மாவட்டத்திலேயே உள்ளது. இவையெல்லாம் வரிச்சட்டத்தின் பார்வையில் வெளிமாநிலம். அதே வேளையில், கேரளக் கரையில் உள்ள மாஹேயும் ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள ஏனாமும் ‘உள்மாநிலம்’. ஒருவர் அங்காடி வழியாக ஏனாமுக்கு விளக்கு அனுப்பினால் பதிவு வேண்டியதில்லை; மிதிவண்டியில் சென்று வரக்கூடிய எல்லைக்கு அப்பால் அனுப்பினால் வேண்டும். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற எல்லைகள் ஒரு வரிப்படிவத்தில் மீண்டும் உயிர்பெறுவதை இங்குக் காணலாம்.

ஆனால் சட்டத்திலேயே மற்றொரு வழியும் உண்டு. பெரும்பகுதி கையால் செய்யப்பட்ட, அறிவிக்கையில் குறிப்பிடப்பட்ட கைவினைப் பொருள்களை வெளிமாநிலத்துக்கு நேரடியாக வழங்குவோர், விற்றுமுதல் எல்லைக்குள் இருக்கும்வரை பதிவிலிருந்து விலக்குப் பெறுகின்றனர். 2017-இல் அளிக்கப்பட்ட இவ்விலக்கு 2018 அக்டோபரில் புதிய அறிவிக்கையாக வெளியிடப்பட்டது. மண்பாண்ட, சுடுமண் பொருள்கள் அப்பட்டியலில் உள்ளன. இதற்கு நிரந்தரக் கணக்கு எண் தேவை. மேலும் பொருளின் மதிப்பு எவ்வளவு குறைவாயினும் மாநில எல்லையைக் கடக்கும்போது மின்வழிச் சீட்டு, அதாவது வழக்கில் இ-வே பில் எனப்படுவது, எடுத்தாக வேண்டும். பிற பொருள்களுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றிருக்கும் பொது வரம்பு இங்குப் பொருந்தாது என்பதைக் கைவினைஞர் கவனத்தில் கொள்ள வேண்டும். மண்பானை, அகல்விளக்கு ஆகியன வரிவிலக்குப் பெற்றவை என்பதால் அவற்றை மட்டுமே விற்பவர் நிலை வேறு. அலங்கார உருவங்கள் வரிக்குட்பட்டவை என்பதால் அவற்றையும் சேர்த்து விற்கும் பட்டறைக்கே மேற்கூறிய விதிகள் முழுமையாகப் பொருந்தும்.

இவ்விரு விதிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு செய்தி தெளிவாகிறது. வில்லியனூர்க் கைவினைஞர் தம் பொருளைச் சென்னை வாங்குநர்க்கு வாட்சப் வழியாகப் பேசி நேரே அனுப்பினால் பதிவு தேவையில்லை. அதே பொருளை அதே வாங்குநர்க்கு அமேசானின் காரிகர் பிரிவு வழியாகவோ, 2019-இல் ஃபிலிப்கார்ட் தொடங்கிய சமர்த் திட்டத்தின் வழியாகவோ அனுப்பினால் பதிவும், அதன்பின் காலந்தோறும் கணக்குத் தாக்கலும் தேவைப்படும். எனவே அங்காடியில் சேர்வதன் உண்மையான விலை அது பிடிக்கும் தரகு மட்டுமன்று. கணக்கருக்குக் கொடுக்கும் ஊதியமும், தாக்கல் தவறினால் செலுத்தும் தாமதக் கட்டணமும் அதனுள் அடங்கும். இதனை உணராமல் அங்காடியைப் பரிந்துரைக்கும் பயிற்சி முகாம்கள் கைவினைஞர்க்கு நன்மையினும் சுமையையே கூட்டக்கூடும்.

தேடுசொல்லும் ஊர்ப்பெயரும்

நேரடி விற்பனையைத் தேர்ந்தெடுத்தால், வாங்குநர் தாமாகத் தேடி வரவேண்டும். அங்குச் சொல் முதன்மை பெறுகிறது. ‘சுடுமண்’ என்பது ஆய்வாளர் நாவிலும் அருங்காட்சியகப் பலகையிலும் வழங்கும் சொல். கடைத்தெருவில் ‘மண்பொம்மை’, ‘மண்சட்டி’ என்பனவே வழக்கு. நகரத்து இளையோர் ‘டெரகோட்டா’ என்கின்றனர். கொலு வைக்கும் வீட்டார் ‘கொலு பொம்மை’ என்று தேடுவரேயன்றிச் சுடுமண் உருவம் என்று தேடுவதில்லை. ஒரே பொருள் நான்கு பெயர்களால் தேடப்படுவதால், படத்தின் கீழ் எழுதும் இரண்டு வரி விளக்கத்தில் இந்நான்கும் இயல்பாக இடம்பெறுதல் வேண்டும். தேடுபொறி உகப்பாக்கம் என்று பெரிதாகப் பேசப்படுவதன் பெரும்பகுதி இத்தகைய சொல்லாராய்ச்சியே. தமிழ் பயின்றோர் இதில் செய்யக்கூடிய பணி மிகுதி.

ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பும் இடர் தருவது. வில்லியனூர் என்பதை லகரம் ஒற்றையாகவும் இரட்டையாகவும், யகரத்துக்குரிய எழுத்தை இட்டும் இடாமலும் எழுதுகின்றனர். புவிசார் குறியீட்டுப் பதிவில் உள்ள வடிவத்தை முதன்மையாகவும் ஏனையவற்றைத் துணையாகவும் கொள்வது நலம்.

புவிசார் குறியீட்டைப் பயன்படுத்துவதில் ஒரு நுட்பம் உள்ளது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி குறியீட்டைப் பதிவு செய்யும் உரிமையாளர் வேறு. அதனைத் தம் பொருளில் பயன்படுத்த அதிகாரம் பெற்ற பயனர் வேறு. கைவினைஞர் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அதிகாரம் பெற்ற பயனராகப் பதிவு பெற்ற பின்னரே அப்பெயரைச் சட்டப்பாதுகாப்புடன் தம் பொருளின் மீது இட முடியும். இணையத்தில் அச்சுவார்ப்புப் பொம்மைகள் ஊர்ப்பெயரைச் சூடிக்கொண்டு மலிவாக விற்கப்படும்போது, எதிர்த்து நிற்பதற்கு இப்பதிவே துணை. விளம்பரத்துக்குச் செலவிடக் கருதும் முதல் தொகையை இப்பதிவுக்கு ஒதுக்குவது அறிவுடைமை.

உரையாடலும் கட்டண விளம்பரமும்

2018-இல் வெளிவந்த வாட்சப் பிசினஸ் செயலியில் பொருட்பட்டியல் ஒன்றை இலவசமாக அமைக்கலாம். அதன் ஒலிபரப்புப் பட்டியலில் ஒரு முறைக்கு 256 பேர்வரை சேர்க்க முடியும். ஆனால் கைவினைஞரின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவர்க்கே அச்செய்தி சென்று சேரும். இக்கட்டுப்பாடு குறையெனத் தோன்றினும் உண்மையில் நன்மையே. சேத் கோடின் 1999-இல் எழுதிய நூல் ‘இசைவு பெற்ற சந்தைப்படுத்தல்’ என்று எதனை வற்புறுத்தியதோ, அதனை இச்செயலி தன் அமைப்பாலேயே கட்டாயப்படுத்துகிறது. கண்காட்சியில் பொருள் வாங்கியவரிடம் எண்ணைச் சேமிக்கச் சொல்லும் ஒரு வேண்டுகோள், முகமறியாத ஆயிரம் பேரின் விருப்பக் குறிகளைவிடப் பயனுடையது.

இன்ஸ்டாகிராம் போன்ற காட்சி ஊடகம் இத்தொழிலுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. சக்கரத்தில் மண் எழும்புவதும் சூளை திறக்கப்படுவதும் எந்த ஒப்பனையுமின்றிக் கண்ணைக் கவர்வன. எனினும் காண்போர் எல்லாரும் வாங்குவோராகார். இங்கேதான் கட்டண விளம்பரம் பற்றிய கணக்கு தேவைப்படுகிறது. ஒரு சொடுக்குக்கு நான்கு ரூபாய் என்றும், ஐம்பது பேர் சொடுக்கினால் ஒருவர் வாங்குவார் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு விற்பனைக்கான விளம்பரச் செலவு 200 ரூபாய். 250 ரூபாய் விளக்குத் தொகுதிக்கு இது தற்கொலைக்கு ஒப்பானது. 6,000 ரூபாய்ச் சிற்பத்துக்கு ஏற்கத்தக்கது. தொகையும் விகிதமும் இடத்துக்கிடம் மாறலாம். ஆனால் ஒரு மாதம் சிறுதொகை செலவிட்டுத் தமக்குரிய விகிதத்தை அளந்து பார்க்காமல் விளம்பரத்தைத் தொடர்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

பருவமும் பட்டறையின் ஆற்றலும்

சுடுமண் பொருளுக்கான தேவை ஆண்டு முழுதும் சீராக இருப்பதில்லை. விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை எனச் சில மாதங்களில் குவிகிறது. அம்மாதங்களின் பிற்பகுதியிலேயே வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. மழையில் மண் உலராது. உலராத மண்ணைச் சூளையிட்டால் வெடிக்கும். ஆதலால் கார்த்திகைக்கான விளம்பரம் கார்த்திகையில் தொடங்கினால், வரும் வேண்டுகைகளை நிறைவேற்றப் பட்டறையில் சரக்கு இராது. கோடையில் செய்து அடுக்கி, ஆடி ஆவணியிலேயே பழைய வாடிக்கையாளரிடம் முன்பதிவு பெறுவதே நடைமுறைக்கு ஏற்றது. இணைய அங்காடிகள் அனுப்புவதற்கு விதிக்கும் குறுகிய காலக்கெடு இவ்வுற்பத்தி முறைக்கு முரணானது. தாமதித்தால் விற்பனையாளரின் மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் பொருள் தேடலில் பின்தள்ளப்படும்.

இவற்றால், சிறு பட்டறைக்கு வரைபடப் பதிவும் வாட்சப் பட்டியலும் முதலில் அமைதல் வேண்டும். அதிகாரம் பெற்ற பயனர் பதிவு அதனோடு சேர்ந்தே நடக்கலாம். அடுத்து, சக்கரத்தையும் சூளையையும் காட்டும் காட்சிப் பதிவுகள். பின்னர்ப் பெரிய உருவங்களுக்கு மட்டும் அளந்த அளவில் கட்டண விளம்பரம். இணைய அங்காடி இறுதியில் வருவது. விற்றுமுதல் 20 இலட்சத்தை நெருங்கி, பதிவு எப்படியும் தவிர்க்க முடியாததாகும் நிலையில்தான் அதன் கூடுதற் சுமை மறைகிறது. பல குடும்பங்கள் கூட்டுறவாகவோ தன்னுதவிக் குழுவாகவோ இணைந்து ஒரே பதிவில் விற்பின் அந்நிலையை முன்னதாகவே எட்டலாம். கணக்கரின் ஊதியமும் பகிர்ந்து கொள்ளப்படும். திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றதே; அதன் பொருள்கள் எடை குறைந்தவை, எளிதில் நொறுங்காதவை. ஆகவே அங்குப் பெட்டிக் கணக்கு வேறாகும். ஆயினும் திருக்கனூரைச் சுற்றியும் விழுப்புரம் மாவட்டமே இருப்பதால் வரிக்கணக்கு மாறாது.